கயிறில்லாமல் நடந்தே ஏறக்கூடிய உயரமான சிகரங்கள்: ஆறு வருடச் சவால், உங்கள் கருத்து வேண்டும்

வெண்முகில் எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்று ஒரு முடிவோடு வந்திருக்கிறேன்.

எனக்கு வயது 43. மூன்று வருடமாக விடாமல் மலை நடை. இதுவரை போன அதிகபட்ச உயரம் ஃபுஜி, 3776 மீட்டர். அங்கிருந்து இறங்கும்போதே மனதுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. கண்டத்துக்கு ஒன்றாக, என்னைப் போன்ற ஆள் நடந்தே போய்ச் சேரக்கூடிய மிக உயர்ந்த சிகரம் எது?

ஏழு கண்டங்களின் உச்சிகள் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும். 1985-இல் ரிச்சர்ட் பாஸ் அதை முதலில் முடித்தார். ஆனால் அதில் எவரெஸ்ட் இருக்கிறது, அலாஸ்காவின் தெனாலி இருக்கிறது. எனக்கு அவை வேண்டாம். கயிறு, பனிக்கோடரி, பனிப்பிளவு இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது நடை, அதுவும் நாள் முழுக்க நடப்பது.

என் பட்டியல் இது: ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ (5895), தென் அமெரிக்காவில் அகோன்காகுவா (6961), வட அமெரிக்காவில் விட்னி (4421), ஐரோப்பாவில் பார்ஹார்ன் (3610), ஆசியாவில் ஸ்டோக் காங்ரி (6153), ஆஸ்திரேலியாவில் கோசியஸ்கோ (2228). அண்டார்க்டிகாவை விட்டுவிட்டேன். ஆறு வருடம், ஆறு சிகரம்.

பட்டியல் சரியா? எதை முதலில் வைக்கலாம்? அகோன்காகுவா எனக்கு எட்டுமா? மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பனிக்கோடு எழுதியது:

நல்ல திட்டம். முதலில் ஒரு திருத்தம். ஸ்டோக் காங்ரியை 2020-இல் மூடினார்கள். கூட்டம் தாங்காமல் மலையும் அடிவாரத்து நீராதாரமும் கெட்டுப்போக, அங்குள்ள மக்களே முன்னின்று எடுத்த முடிவு அது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதோடு, அந்தப் பாதை ஒரு பனியாற்றைக் கடந்துதான் போகும். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன சமாச்சாரம் அது.

ஆசியாவுக்கு ஈரானிலுள்ள தமாவந்தைப் பாருங்கள். சுமார் 5610 மீட்டர், ஆசியாவின் மிக உயர்ந்த எரிமலை. கோடையில் தெற்குப் பாதையில் பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான், கயிற்றுக்கு வேலை இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கந்தகப் புகை வரும். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் தொண்டை எரியும், கண்ணில் நீர் கொட்டும். ஈரத்துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். "போகக்கூடிய" என்று நீங்கள் சொல்வதில் இரண்டு அர்த்தம் கலந்து கிடக்கிறது. கயிறு இல்லாமல் போக முடியுமா என்பது ஒன்று. போக விடுகிறார்களா என்பது இன்னொன்று. கங்கார் புன்சும் 7570 மீட்டர், உலகிலேயே யாரும் ஏறாத சிகரங்களில் மிக உயரமானது. பூட்டான் 1994-இல் 6000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் ஏறுவதைத் தடை செய்தது, 2003-இல் மலையேற்றத்தையே முழுதாக நிறுத்திவிட்டது. நேபாளத்தின் மச்சபுச்சரே 6993 மீட்டர். 1957-இல் போன குழு உச்சிக்கு ஐம்பது மீட்டர்கூட இல்லாத இடத்தில், உச்சியில் கால் வைப்பதில்லை என்று கொடுத்த வாக்குக்காகத் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் 2019 அக்டோபர் 26 முதல் யாரும் ஏறக்கூடாது. அது பெரிய உயரமே இல்லை, கால் பலமுள்ள யாரும் ஏறிவிடலாம். ஆனாலும் ஏறக்கூடாது, ஏனென்றால் அது அந்த நிலத்து மக்களுக்குப் புனிதமான இடம்.

ஆகவே பட்டியலுக்கு மேலே விதியை எழுதுங்கள். "கயிறில்லாமல், அனுமதியோடு." இந்த இரண்டும் பொருந்தினால்தான் சேர்க்கை.

வெண்முகில் எழுதியது:

மிக்க நன்றி. ஸ்டோக் காங்ரி மூடியது எனக்குத் தெரியவே தெரியாது. எடுத்துவிட்டேன், அந்த இடத்துக்கு தமாவந்த். விதியையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

தனிவழி எழுதியது:

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் வைத்து மலை ஏறுவது எனக்கு ஒப்பவில்லை. ஸ்டோக் காங்ரிக்கு என்ன ஆனது என்று மேலேயே இருக்கிறது. கயிறில்லாமல் ஏறக்கூடிய 6000 மீட்டர் மலை என்று எல்லோரும் எழுதி எழுதித்தான் அங்கே அத்தனை பேர் குவிந்தார்கள். மிக உயர்ந்தது என்று ஒட்டிவிட்டால் போதும், பக்கத்தில் அதைவிட அழகான மலை ஆளில்லாமல் கிடக்கும், இதில் மட்டும் வரிசையில் நின்று ஏறுவோம்.

அந்த உயரக் கணக்கும் நிலையானதல்ல. அமெரிக்காவின் அடிராண்டாக் மலைகளில் 4000 அடிக்கு மேற்பட்ட மலைகள் என்று 46-ஐக் குறித்து, மார்ஷல் சகோதரர்களும் ஹெர்பர்ட் கிளார்க்கும் 1918 முதல் 1925 வரை ஏறி முடித்தார்கள். பின்னால் அளந்து பார்த்தால் அதில் நான்கு 4000 அடியைத் தொடவே இல்லை. இன்றும் 46 என்றுதான் ஏறுகிறார்கள்.

சகோதரி, உங்களைத் தடுக்கவில்லை. ஏன் அந்த ஆறு என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கல்நடை எழுதியது:

தம்பி தனிவழி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு 61 வயது. பட்டியல் என்று ஒன்று இல்லாதபோது நான் போனதெல்லாம் தெரிந்த மலைகளுக்குத்தான். அதே பாதை, அதே உச்சி. பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் பெயரே கேள்விப்படாத இடங்களுக்குப் போனேன். ஹியூ மன்ரோ 1891-இல் ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியல் போட்டார். இன்று அதில் 282 இருக்கிறது. அவரே அதை முடிக்காமல்தான் 1919-இல் இறந்தார். ஆனால் அந்தப் பட்டியலால் எத்தனை பேர் ஈர மண்ணிலும் மூடுபனியிலும் நடக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அம்மா வெண்முகில், கிளிமஞ்சாரோவைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மராங்கு பாதையில் ஐந்து நாள் திட்டம். லீவு குறைவு, அதனால் அதை எடுத்தேன். கடைசி இரவு 5000 மீட்டரைத் தாண்டியதும் வாந்தி. உட்கார்ந்தால் எழ மனமில்லை. கையுறையைக் கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியவில்லை. எந்த விரல் எந்தப் பொந்துக்குள் போக வேண்டும் என்பதே குழம்பிவிட்டது. கூட வந்த வழிகாட்டி அதைக் கவனித்துவிட்டு ஒரே வார்த்தையில் "கீழே" என்றார். நான் கெஞ்சினேன், அவர் அசையவில்லை. இறங்கி இரண்டு மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து லெமோஷோ பாதையில் எட்டு நாள். நடுவில் ஒரு நாள் லாவா டவர் வரை, சுமார் 4600 மீட்டர், ஏறிவிட்டு, பராங்கோ முகாமில் 4000-க்குக் கீழே வந்து தூங்கினோம். பகலில் உயரத்தைக் காட்டிவிட்டு இரவில் உடம்பைக் கீழே கொண்டுவருவது. அதுதான் என்னை உச்சிக்குக் கொண்டுபோனது, என் கால் இல்லை. அங்கே நாள் முழுக்கக் காதில் விழும் சொல் "போலே போலே". மெல்ல மெல்ல என்று அர்த்தம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் வேண்டாம்.

உச்சி இரவுக்கு ஒரு சின்ன விஷயம். உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பாதீர்கள், குழாய் உறைந்துவிடும். வாயகன்ற புட்டியில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, பைக்குள் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் பனி அடிப்பக்கம் கட்டும், மூடியைத் திறந்து குடிக்கலாம்.

நாடித்துடிப்பு எழுதியது:

நான் மருத்துவர். கல்நடை ஐயா சொன்ன கையுறை விஷயத்தை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். அது வெறும் களைப்பு இல்லை. மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதன் அடையாளமாக இருந்திருக்கலாம். அந்த வழிகாட்டி சரியாகச் செய்தார்.

5500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதேதான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு பாதியாகிவிடும். உடம்பு இதற்குப் பழக நாள் வேண்டும். எவ்வளவு உடற்பயிற்சி செய்திருந்தாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியாது. நல்ல ஓட்டக்காரர்கள்தான் வேகமாக ஏறிச் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள்.

3000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள். தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி வந்தால் அதற்கு மேலே போகாமல் அங்கேயே நில்லுங்கள். சரியாகவில்லை என்றால் இறங்குங்கள். தள்ளாட்டம் வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ காத்திருக்கவே கூடாது. இரவானாலும் இறங்க வேண்டும். தள்ளாட்டத்தைச் சோதிக்க எளிய வழி: தரையில் ஒரு நேர்க்கோடு நினைத்துக்கொண்டு, குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாகப் போனால் பேச்சுக்கே இடமில்லை.

உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை பற்றித் தனிமடலில் சிலர் கேட்கிறார்கள். முன்தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை. உங்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அது உடம்பைப் பழக்க உதவும், அவ்வளவுதான். அதை விழுங்கிவிட்டு ஐந்து நாள் திட்டத்தில் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

வெண்முகில் எழுதியது:

ஐயா, கையுறை மாட்டத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கமே வரவில்லை. கிளிமஞ்சாரோவுக்கு எட்டு நாள். அதில் இனி மாற்றமில்லை.

தனிவழி, நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். அந்த ஆறு மலைகள்தான் வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு நிலங்களில் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எரிமலைச் சாம்பல், பனியாற்றுக் கரை, கிரானைட் பாறை, காற்று வீசும் பாலை. உயரம் என்பது தேர்ந்தெடுக்க ஒரு கைப்பிடி. கூட்டம் பற்றி நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. கூட்டம் குறைந்த மாதம், கூட்டம் குறைந்த பாதை என்று பார்க்கிறேன்.

தனிவழி எழுதியது:

இது போதும் எனக்கு. சரி, நானும் உதவுகிறேன். விட்னிக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. போய்வர சுமார் 35 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 1900 மீட்டர். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் நள்ளிரவு தாண்டியதும் கிளம்புவார்கள். நீங்கள் இரண்டு நாள் அனுமதி கேளுங்கள். மலத்தைக்கூடப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. தயவுசெய்து அதைப் பிடிக்காத வேலையாக நினைக்காதீர்கள். பாறைக்கு மேல் எதுவும் மக்காது.

உச்சியில் 1909-இல் கட்டிய கல்வீடு ஒன்று இருக்கிறது. மழை இருட்டினால் அதற்குள் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். 1990-இல் அதற்குள் ஒதுங்கியவர்கள் மீது மின்னல் பாய்ந்து ஒருவர் இறந்தார். இடி கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்குவது.

இறக்கம் எழுதியது:

எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். நான் இரண்டு முட்டியிலும் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிற ஆள், இறங்குவதைப் பேசுகிறேன்.

கிளிமஞ்சாரோவில் உச்சியிலிருந்து முவேகா முகாமுக்கு ஒரே நாளில் சுமார் 2800 மீட்டர் இறங்க வேண்டும், அதுவும் இரவு முழுக்க ஏறிய காலோடு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது நீண்டுகொண்டே பாரம் தாங்கும். அந்த வேலைக்குத் தனியாகப் பழக்காவிட்டால் இரண்டாவது மணி நேரத்தில் கால் உதறும். அப்புறம் தடுக்கி விழுவீர்கள். விபத்து பெரும்பாலும் அங்கேதான்.

அக்கா, பக்கத்தில் மாடிப்படி இருந்தால் முதுகில் ஐந்து கிலோவோடு தொடங்கி மெல்ல பத்துவரை போங்கள். ஏறும்போது எப்படியோ ஏறிக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்ணிக்கை. தட் தட் என்று சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் தசை தாங்கவில்லை, முட்டி தாங்குகிறது என்று அர்த்தம். வாரம் மூன்று நாள், மூன்று மாதம். ஊன்றுகோலை இறங்கும்போது ஒரு பிடி நீட்டிக்கொள்ளுங்கள்.

வெண்முகில் எழுதியது:

சத்தம் வரக்கூடாது என்பதை இன்று செய்து பார்த்தேன். நாற்பது படியில் தொடை நடுங்கிவிட்டது. இத்தனை நாள் நான் முட்டியில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அகோன்காகுவா பற்றி யாருமே பேசவில்லையே?

பனிக்கோடு எழுதியது:

வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன். நான் அங்கே போயிருக்கிறேன், உச்சி தொடவில்லை.

வழக்கமான பாதையில் கயிறு தேவையில்லை என்பது உண்மை. 1897-இல் மத்தியாஸ் சுர்பிரிகென் தனியாகவே உச்சிக்குப் போனார். ஆனால் நடந்து ஏறலாம் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. அது கிட்டத்தட்ட ஏழாயிரம் மீட்டர். மூன்று வாரம் ஒதுக்க வேண்டும். பிளாசா தே முலாஸ் அடிவார முகாமே 4300 மீட்டருக்கு மேல். அங்கிருந்து சாமானைப் பகுதி பகுதியாக மேல் முகாம்களுக்கு நீங்களே சுமந்து ஏற்றி, இறங்கி, திரும்ப ஏற்ற வேண்டும். கடைசியில் கனலேட்டா என்று ஒரு சரளைச் சரிவு, ஓரடி வைத்தால் அரையடி பின்னே சறுக்கும். பனி இறுகிக் கிடந்தால் காலணிக்கு முள்ளிரும்பு கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. இரண்டு இரவு கூடாரத்தின் கம்பியை முதுகால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே கழித்தோம். மூன்றாம் நாள் காலை, உச்சிக்குப் போகும் பலம் இருந்தது, திரும்பி வரும் பலம் இருக்குமா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டோம்.

உங்களைப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆறாவதாக வையுங்கள். தமாவந்தும் கிளிமஞ்சாரோவும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் பார்ஹார்ன். கோசியஸ்கோ எப்போது வேண்டுமானாலும் போகலாம், த்ரெட்போ இழுவை நாற்காலியின் மேல்முனையிலிருந்து போய்வர 13 கிலோமீட்டர்தான், பெரும்பகுதி இரும்புச் சட்ட நடைபாதை. அது ரொம்ப எளிது என்று பட்டால், நியூ கினியையும் சேர்த்து ஓசியானியா என்று எடுத்துக்கொண்டு வில்ஹெல்ம் பாருங்கள், 4509 மீட்டர். அங்கேயே இன்னும் உயரமான புன்சாக் ஜெயா (4884) பாறை ஏற்றம், கயிறு வேண்டும், அதனால் உங்கள் விதிக்குள் வராது.

நாடித்துடிப்பு எழுதியது:

பனிக்கோடு, நீங்கள் இறங்கியதை எழுதியதற்கு நன்றி. உச்சி தொட்டவர்கள்தான் எப்போதும் எழுதுகிறார்கள்.

வெண்முகில், ஒவ்வொரு மலைக்கும் கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிக் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மேலே போன பிறகு முடிவெடுக்கும் மூளை, கீழே இருந்த அதே மூளை இல்லை.

வெண்முகில் எழுதியது:

ஐந்து மாதம் ஆகிவிட்டது. பார்ஹார்ன் போய்வந்தேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

முதல் நாள் டுர்ட்மன் குடிலில் தங்கினோம், 2519 மீட்டர். நானும் என் தம்பியும். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தொடக்கத்திலேயே கேஸி என்ற செங்குத்தான பாறை இடுக்கு, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். அதைத் தாண்டினால் வலது பக்கம் கீழே பனியாறு கூடவே வருகிறது. அதன் விளிம்பில் கல்லும் மண்ணும் கலந்த சாம்பல் நிறம், நடுவில் நீலக்கோடு. அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பும் நேரம் பதினொன்றரை என்று எழுதி தம்பியிடம் கொடுத்திருந்தேன். பத்தே முக்காலுக்கு 3400 மீட்டர். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, பாதை வளைந்து வளைந்து நேராக அங்கேதான் போகிறது. அப்போது மேற்கே ஒரு உறுமல். நான் கல் உருண்டது என்று நினைத்தேன். தம்பி நின்றுவிட்டான். இரண்டாவது முறை கேட்டதும் சந்தேகமே இல்லை. இன்னும் முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தனிவழி எழுதிய கல்வீடு நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டோம். இடுக்குக்கு மேலே வரும்போதே ஆலங்கட்டி மழை, சங்கிலி கை வழுக்கியது. குடிலுக்கு வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் தங்க லீவு இல்லை.

அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் தொடை நடுங்கவில்லை, இறக்கம். ஒரு படியில்கூடச் சத்தம் வரவில்லை.

அடுத்த ஆகஸ்டில் திரும்பப் போகிறேன், இந்த முறை இரண்டு நாள் உபரியோடு. கிளிமஞ்சாரோ அதற்குப் பிறகுதான்.

ஒரு கேள்வி. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போய்விட்டது. காலணி சிறியதா?

கல்நடை எழுதியது:

ஆலங்கட்டி மழையில் அந்தச் சங்கிலியைப் பிடித்து இரண்டு பேரும் பத்திரமாக இறங்கி வந்தீர்களே அம்மா, எனக்கு அதுதான் சந்தோஷம். தம்பிக்கும் சொல்லுங்கள்.

இறக்கம் எழுதியது:

அக்கா, காலணியை மாலையில் போட்டுப் பாருங்கள், நடந்து பாதம் வீங்கியிருக்கும் நேரம். காலணிக் கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி விரலை முட்டவிட்டால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அரை அளவு பெரிது வாங்குங்கள். நுழைந்தால் காலணியில் குறை இல்லை, கட்டுவதில்தான். இறங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து, குதிகாலைப் பின்னே தட்டி உட்காரவைத்து, கணுக்கால் வளைவில் கயிற்றை இரண்டு சுற்று முறுக்கி இறுக்குங்கள். விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். கறுத்த நகத்தைப் பிடுங்காதீர்கள், புதிது வளர்ந்து அதுவே தள்ளிவிடும். ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும்.